சத் இசப்கோல்: சுவை சேர்க்காத வெறும் உமியே வாங்கத்தக்கது

மருந்துக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் நார்ச்சத்து என்ற பெயரில் இன்று அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பொடிகளில், கொடுக்கும் காசுக்கு ஒழுங்காக வேலை செய்வது எது என்று கேட்டால், சத் இசப்கோல் என்று அச்சிட்டு வரும் சுவையூட்டாத உமிப் பொட்டலத்தையே நான் காட்டுவேன். டெலிபோன், டாபர் போன்ற நாடறிந்த பெயர்களில் வருவதும் சரி, உள்ளூர் நிறுவனங்கள் பொட்டலம் கட்டி விற்பதும் சரி, உள்ளே இருப்பது ஒரே பொருள்தான்: பிளான்டகோ ஓவாட்டா என்னும் சிறு செடியின் விதையிலிருந்து உரித்தெடுத்த மேல்தோல். எங்கள் வீட்டில் பெரியவர்களின் மலச்சிக்கலுக்காக வாங்கத் தொடங்கி, பிறகு கொலஸ்ட்ராலுக்காகவும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். இதன் நன்மைகள் உண்மையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை எவை, எந்த அளவில் கிடைப்பவை, எப்படிக் குடித்தால் கிடைப்பவை என்பதை அட்டைப்பெட்டியின் முன்பக்க வாசகங்கள் சொல்வதில்லை என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். ஜிகர்தண்டாவிலும் பலூடாவிலும் மிதக்கும் கறுப்பு நிறச் சப்ஜா விதை வேறு, இசப்கோல் வேறு. சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலை வகைச் செடியின் விதை. அதுவும் நீரில் ஊறிக் கொழகொழப்பாகும் என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. கடையில் ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை எடுத்துக் கொடுப்பது நடக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் இஸ்கோல் விதை என்று முழு விதையாகவே தருவதும் உண்டு. அது தவறான பொருள் அல்ல; ஆனால் விதையின் எடையில் உமி ஏறத்தாழ கால் பங்குதான் என்பதால், உமிக்குச் சொல்லப்படும் அளவை அப்படியே விதைக்குப் பொருத்திக்கொள்ள முடியாது.

இந்தப் பயிரை உலகில் அதிகம் விளைவிப்பது இந்தியா. குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குளிர்காலப் பயிராக விதைத்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுக்கிறார்கள். குஜராத்தின் மெஹசானா மாவட்டத்திலுள்ள உஞ்ஜா, சீரகத்துக்குப் பெயர்பெற்ற சந்தை; இசப்கோலுக்கும் அதுவே பெரிய சந்தை. அருகிலுள்ள சித்பூரில் உமி பிரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1934 முதல் விற்கப்படும் மெட்டாமியூசில் என்னும் புகழ்பெற்ற பொடியின் மூலப்பொருளும் இதே உமிதான். கதிர் முற்றி நிற்கும் வேளையில் ஒரு மழை பெய்தாலும், ஏன், கடும்பனி இறங்கினாலும்கூட, விதைகள் நீரை உறிஞ்சி உப்பி உதிர்ந்துவிடும். அந்த ஆண்டு விளைச்சலும் அதோடு போய்விடும். நம் குடலுக்கு நன்மை செய்யும் அதே குணம் விவசாயிக்கு அறுவடைக் காலத்தில் பெரும் அச்சமாக இருக்கிறது என்பதை, பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அந்தக் குணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் 250 மில்லி தண்ணீர் எடுத்து, ஒரு தேக்கரண்டி உமியைத் தூவினால், முதலில் அது மெல்லிய செதில்களாக மேலே மிதக்கும். வெளிர் நிறம், உற்றுப் பார்த்தால் லேசான இளஞ்சிவப்புச் சாயல் தெரியும். கலக்கியவுடன் செதில்கள் நீருக்குள் பரவி, தண்ணீர் கலங்கலாகத் தோன்றும். ஓரிரு நிமிடங்களில் ஒவ்வொரு செதிலும் தன்னைச் சுற்றி ஒரு கூழ் உறையைக் கட்டிக்கொள்ள, தம்ளரில் இருப்பது கஞ்சி போலத் தடித்துவிடும். இன்னும் சற்று விட்டுவைத்தால், தம்ளரைச் சாய்க்கும்போது நீராக வழியாமல் மொத்தமாக நகர்ந்து வரும். ஐரோப்பிய மருந்துத் தரநூல் இந்த உமிக்கு நிர்ணயித்திருக்கும் வீக்க எண் குறைந்தது 40. அதாவது ஒரு கிராம் உமி நீரில் ஊறி 40 மில்லி லிட்டருக்குக் குறையாத இடத்தை அடைக்க வேண்டும். முழு விதைக்கு அந்த எண் 9 மட்டுமே. உமியைத் தனியே பிரித்து விற்பதன் நியாயம் இதில் இருக்கிறது.

இந்த வீக்கமே இதன் ஆபத்தும் ஆகும். போதிய நீரில்லாமல் விழுங்கினால் உமி தொண்டையிலோ உணவுக்குழாயிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். இப்படி அடைப்பு ஏற்பட்ட நிகழ்வுகளின் காரணமாகவே, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007-இல் குறுணை வடிவிலான இசப்கோல் மலமிளக்கிகளை மருந்துச் சீட்டில்லாமல் விற்க இடம்தராமல் செய்தது. உமி, பொடி ஆகியவற்றுக்கும் ஒரு முழுத் தம்ளர் நீரோடு மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை அச்சிடுவது அங்கே கட்டாயம். நம் ஊரிலோ சிலர் ஒரு கரண்டி உமியை வாயில் போட்டுக்கொண்டு இரண்டு மடக்கு தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தம்ளரில் கலக்கி, தடிப்பதற்கு முன்பே குடித்துவிட்டு, அடுத்தாற்போல் இன்னொரு தம்ளர் தண்ணீரும் குடிப்பதே சரியான முறை. படுக்கப் போகும் நேரத்தில் குடிப்பது என்ற பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இரவில்தான் வேண்டும் என்றால், இரவுச் சாப்பாட்டை ஒட்டி, தூங்குவதற்கு வெகு நேரம் முன்பாகவே குடித்துவிடுவது நல்லது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், பக்கவாதத்துக்குப் பின் உணவு புரையேறுபவர்கள், குடலில் சுருக்கமோ அடைப்போ உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஏற்ற பொருளே அல்ல.

மலச்சிக்கலுக்கு இது எப்படி உதவுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஏன் எல்லா நார்ச்சத்தும் ஒன்றல்ல என்பதும் புரியும். பெருங்குடலின் முக்கிய வேலைகளில் ஒன்று, வரும் கழிவிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்வது. பெரும்பாலான கரையும் நார்ச்சத்துகளை அங்குள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துச் சிதைத்துவிடுகின்றன. சிதைந்த பின் அவற்றால் நீரைப் பிடித்து வைக்க இயலாது. இசப்கோல் உமியின் கூழ் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. பெருங்குடலின் நெடுகிலும் நீரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இறுதிவரை செல்கிறது. ஆகவே மலம் இளகுகிறது, அளவு கூடுகிறது, முக்க வேண்டிய தேவை குறைகிறது. பொதுவாக 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள்களுக்குள் பலன் தெரியும். ஒரே இரவில் வயிற்றைக் கலக்கி வெளியேற்றும் மருந்து அல்ல இது. அப்படி எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். இதே நீர் பிடிக்கும் தன்மையால், மலம் நீர்த்துப்போகும் சிலருக்கு அதைச் சற்றுக் கெட்டிப்படுத்தவும் இது உதவுகிறது. இரண்டு எதிரெதிர் தொல்லைகளுக்கு ஒரே பொருளை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வியப்படையத் தேவையில்லை.

மூலம் உள்ளவர்களுக்கு நார்ச்சத்துச் சேர்ப்பு இரத்தக் கசிவைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் நன்றாகவே நிறுவப்பட்டிருக்கிறது. எரிச்சலுறு குடல் நோய் எனப்படும் தொல்லைக்கு, நெதர்லாந்தில் 275 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், இசப்கோல், கோதுமைத் தவிடு, வெறும் அரிசிமாவு என மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இசப்கோல் பெற்றவர்களிடம் அறிகுறிகள் தணிந்தன; தவிடு அப்படிப் பயன் தரவில்லை, சிலருக்குத் தொல்லையைக் கூட்டியதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நார்ச்சத்துதானே என்று கோதுமைத் தவிட்டை அள்ளிச் சாப்பிட்டு வயிறு உப்பிக்கொண்டு அவதிப்படுபவர்களுக்கு இந்தச் செய்தி பயன்படும்.

கொலஸ்ட்ரால் பக்கம் வருவோம். கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். அளவை இசப்கோல் குறைக்கிறது என்பதுதான், என் கருத்தில், இந்தப் பொருளை மற்ற நார்ச்சத்துப் பொடிகளிலிருந்து உயர்த்திக் காட்டும் செய்தி. ஈரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலங்களைத் தயாரித்துக் குடலுக்கு அனுப்புகிறது. செரிமானம் முடிந்ததும் அவற்றில் பெரும்பகுதியைச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மீண்டும் உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. இசப்கோலின் கூழ் அந்தப் பித்த அமிலங்களைத் தன்னுள் சிக்கவைத்து மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது. குறைந்துபோனதை ஈடுசெய்யப் புதிதாகப் பித்த அமிலம் செய்தாக வேண்டும் என்பதால், ஈரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்கிறது. 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 28 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் கொடுக்கப்பட்ட உமியின் நடுத்தர அளவு நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம், எல்.டி.எல். சராசரியாக டெசிலிட்டருக்கு 13 மில்லிகிராம் அளவு இறங்கியிருந்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தரும் இறக்கத்தோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் 2005-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 10 மில்லிகிராம் சிம்வாஸ்டேட்டின் என்னும் ஸ்டேட்டின் மாத்திரையோடு நாளுக்கு 15 கிராம் இசப்கோலும் பெற்றவர்களிடம் கண்ட பலன், 20 மில்லிகிராம் சிம்வாஸ்டேட்டினை மட்டும் பெற்றவர்களின் பலனுக்கு இணையாக இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு உமியைக் குடிக்கலாம் என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மாத்திரைக்குத் துணையாக மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே இதன் பொருள்.

அளவைப் பற்றிப் பேசாமல் இந்த நன்மையைப் பேசுவதில் பயனில்லை. இதய நோய் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்ற வாசகத்தை இசப்கோல் உமி கலந்த உணவுகளின் உறைமேல் அச்சிட, அமெரிக்க நிர்வாகம் 1998-இல் அனுமதி கொடுத்தபோது, நாளுக்கு 7 கிராம் கரையும் நார்ச்சத்தை அடிப்படையாக வைத்தது. அது கிடைக்க ஏறத்தாழ 10 கிராம் உமி வேண்டும். தலைதட்டிய ஒரு தேக்கரண்டியில் பிடிப்பது சுமார் 2 கிராம்தான். நினைத்துக்கொண்டபோது ஒரு கரண்டி குடிப்பவருக்கு மலம் சற்று இளகலாம். கொலஸ்ட்ராலில் ஒன்றும் நடக்காது. 10 கிராம் என்றால் 100 கிராம் பொட்டலம் ஒருவருக்குப் பத்து நாள்தான் வரும். அதை ஒரே வேளையில் குடிக்காமல், இரண்டு அல்லது மூன்று வேளைக்குப் பிரித்து, உணவை ஒட்டிக் குடிக்க வேண்டும். தொடக்கத்திலேயே முழு அளவுக்குப் போகாமல், ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து இரண்டு வாரங்களில் படிப்படியாகக் கூட்டினால் வயிற்று உப்புசம் அவ்வளவாக வராது.

சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, உணவோடு சேரும் கூழ் குடலில் மாவுச்சத்து உறிஞ்சப்படும் வேகத்தைத் தணிக்கிறது. அதனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. சர்க்கரை அளவு சரியாக உள்ளவரிடம் பெரிய மாற்றம் தெரியாது. கட்டுப்பாட்டில் இல்லாதவரிடமே பலன் கூடுதலாகக் காணப்படுகிறது. சர்க்கரை நோயே வராமல் தடுக்கும் என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வாசகத்துக்கு 2014-இல் அமெரிக்க நிர்வாகம் அனுமதி தந்தபோதே, அதற்கான அறிவியல் சான்று மிகச் சொற்பம் என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உமியை முழு அளவில் தொடங்கும்போது சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

கடைக்காரர்கள் சொல்லாமல் விடும் இன்னொரு முக்கியமான செய்தி, மற்ற மாத்திரைகளோடு விட வேண்டிய இடைவெளி. பித்த அமிலத்தைச் சிக்கவைக்கும் கூழ், மாத்திரையையும் சிக்கவைக்கும். தைராய்டு மாத்திரை, மனநல மருந்தான லித்தியம், வலிப்பு மருந்தான கார்பமாசெபின், இதய மருந்தான டிஜாக்சின் போன்றவற்றின் உறிஞ்சலை இது குறைக்கக்கூடும் என்பதால், மருந்துக்கும் உமிக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுவது நல்லது. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடுத்த நிமிடமே இசப்கோல் குடிக்கும் பெண்கள் எத்தனையோ பேர். பல மாதங்களுக்குப் பிறகு தைராய்டு குறைபாட்டைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு ஏன் ஏறிவிட்டது என்று தெரியாமல், மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது எவ்வளவு வருத்தத்துக்குரியது!

இவ்வளவு நன்மை சொன்ன பிறகும், நார்ச்சத்துக்கு இந்தப் பொட்டலம் போதும் என்று நான் கருதவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. அதுவும் உணவில் இயல்பாக அமைந்த நார்ச்சத்தையே குறிப்பிடுகிறது. நீண்ட ஆயுள், குடல் புற்றுநோய் குறைவு போன்ற பெரிய நன்மைகளை உணவின் நார்ச்சத்தோடு இணைத்துக் காட்டிய ஆய்வுகள், முழுத்தானியமும் பருப்பும் காய்கனியும் உண்டவர்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. உமி குடித்தவர்களைப் பார்த்து அல்ல. மேலும், இசப்கோலைக் குடல் நுண்ணுயிர்கள் அதிகம் சிதைப்பதில்லை என்று மேலே சொன்னேன். அதன் மறுபக்கம், அந்த நுண்ணுயிர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் உணவு குறைவு என்பதே. நூறு கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. அதே அளவு கேழ்வரகிலோ கம்பிலோ 11 கிராம் இருக்கிறது. முழுக் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் சாப்பிட்டுவிட்டு, இரவில் ஒரு தம்ளர் இசப்கோலால் கணக்கை நேர்செய்ய முயல்வதைவிட, வாரத்தில் சில நாள் சுண்டலும் கீரையும் கூழும் தட்டுக்கு வருவதே மேல். அதற்கு மேலும் குறை இருந்தால் உமியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, எந்தப் பொட்டலத்தை வாங்குவது? ஆரஞ்சு, எலுமிச்சைச் சுவைகளில் வரும் வகைகளைத் திருப்பி, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் உமி என்று பார்க்க வேண்டும். சில வகைகளில் பொடியின் எடையில் கணிசமான பங்கு சர்க்கரையே. சர்க்கரையற்றது என்று வருபவற்றில் செயற்கை இனிப்பு இருக்கும். கிராமுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால், வெறும் உமிக்கும் இவற்றுக்கும் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரிந்துவிடும். கேப்சூல் எனப்படும் மாத்திரைக் குப்பியில் அடைத்த உமி இன்னும் மோசமான பேரம்: ஒரு குப்பியில் பொதுவாக அரை கிராம் அளவே இருக்கும், 10 கிராமுக்கு இருபது குப்பிகளை விழுங்க வேண்டும். குடிக்கும்போது வாயில் படும் வழவழப்பு பிடிக்கவில்லை என்பவர்களுக்கு, நீர் மோரில் ஒரு சிட்டிகை உப்பும் சீரகப் பொடியும் போட்டுக் கலக்கி உடனே குடித்துவிடும் முறையையே பரிந்துரைப்பேன்.

இயற்கை மலமிளக்கி என்ற பெயரில் வரும் கலவைப் பொடிகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இசப்கோல் என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் நிலாவாரை சேர்த்திருப்பார்கள். நம் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து ஏற்றுமதியாகும் நல்ல மூலிகைதான் நிலாவாரை. ஆனால் அது குடலின் தசைகளைத் தூண்டி வேலை வாங்கும் மருந்து. நீரைப் பிடித்து மலத்தை இளக்கும் உமியோடு சேர்த்து வைத்து எண்ணத்தக்கது அல்ல. மாதக்கணக்கில் தினமும் குடிக்க நினைப்பவர்கள், உட்பொருள் வரிசையில் இசப்கோல் உமி என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத பொட்டலத்தையே எடுக்க வேண்டும்.

தரத்தைக் கண்ணாலேயே ஓரளவு கணிக்கலாம். சந்தையில் இது 85, 95, 98, 99 விழுக்காடு என்று தூய்மையின்படி தரம் பிரிக்கப்படுகிறது. நல்ல உமியில் பழுப்புத் துணுக்குகள் அரிதாகவே தெரியும். தம்ளரில் கலக்கியபின் அடியில் கறுத்த தூளோ மணலோ தங்காது. பொடியாக அரைத்ததைவிட முழு உமியே கலக்க எளிது; பொடி சட்டென்று கட்டி தட்டிவிடும், அதன் தூசியும் பறக்கும். இந்தத் தூசியை நாள்தோறும் சுவாசிக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் கடும் ஒவ்வாமை வந்திருப்பது பதிவாகியுள்ளது. குடித்தபின் உடல் தடித்தாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, திடீரென்று மாறிப்போன மலப்பழக்கம் ஆகியவற்றுக்கு உமி வாங்கிக் குடித்துப் பார்ப்பது என்ற பேச்சே கூடாது. பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சமையலில் இதற்குள்ள ஒரு பயனையும் சொல்லிவிடுகிறேன். சோள மாவிலோ கம்பு மாவிலோ ரொட்டி தட்டும்போது, கோதுமையிலுள்ள பசைத்தன்மை இல்லாததால் ஓரம் வெடித்து உடையும். இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு தேக்கரண்டி உமியைச் சேர்த்து, வெந்நீர் ஊற்றிப் பிசைந்து பத்து நிமிடம் மூடிவைத்தால், மாவு இழுபட்டு வரும். ரொட்டி உடையாமல் மெல்லியதாகத் தட்ட வரும். பொட்டலத்தைப் பிரித்தபின் ஈரம் படாத மூடியுள்ள டப்பாவில் கொட்டி, உலர்ந்த கரண்டியை மட்டுமே போட வேண்டும். மழைக்காலத்தில் கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரத்துக்கே உமி கட்டிப்பட்டுப் போவதால், அங்கிருப்பவர்கள் பெரிய பொட்டலத்தைத் தவிர்த்து, 100 கிராம் பொட்டலமாக வாங்கித் தீர்ந்தபின் அடுத்ததை வாங்குவதே சிக்கனம்.